உள்ளே தாழிட்ட முதலாளி

அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளிக்கு வாய் என்றால் அப்படியொரு வாய். ஆர்டர் குவிந்த காலத்தில், "கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதீங்க. நான் இருக்கேன்ல?" என்று தொழிலாளிகள் முன்னால் மார்தட்டுவார்.

சந்தை படுத்தது. பசை தடவும் பெண்களை வேலையிலிருந்து நிறுத்தியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. அதைச் சொல்ல அந்த வாய்க்குத் துப்பில்லை. மனைவியின் தம்பியைப் பிடித்து, "நீயே பக்குவமா சொல்லிடு மச்சான்" என்று தள்ளிவிட்டு, கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

வெளியே பேச்சுக் கேட்டது, பிறகு அழுகை. ஓயட்டும் என்று உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் யாரோ கதவை மெல்லத் தட்டினார்கள். கம்பெனி தொடங்கிய நாள் முதல் பசை தடவிய அக்காதான்.

"தம்பி, வெளிய வர வேணாம், நாங்க கிளம்பிட்டோம். தொட்டியில தண்ணி இல்ல, உங்களுக்கு வேணுமேன்னு மோட்டார் போட்டிருக்கேன். நிரம்பினதும் நீங்களே நிறுத்திக்குங்க. இனிமே நிறுத்த நான் இருக்க மாட்டேன்."

தலைக்கு மேலே தொட்டி நிரம்பியது. பிறகு வழிந்தது. முதலாளி கன்னத்தில் வைத்த கையை எடுக்கவே இல்லை.