டயல் டோன் வராத வெள்ளிக்கிழமை

அந்த லேப்டாப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கழுத்து வலிக்கும். பெங்களூரில் இருக்கும் அத்தான் புதிது வாங்கியதும், "சும்மாதான இருக்க, வச்சுக்கோ" என்று என் தலையில் கட்டிய பழசு. பேட்டரி செத்து ரொம்ப நாள். ஆன் செய்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்து வந்தாலும், அது இன்னும் திறந்துகொண்டுதான் இருக்கும். சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பாளையங்கோட்டைக்கு அம்மாவிடமே திரும்பி வந்து ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. வேலை தேட எனக்கு இருந்த ஒரே வழி, அந்தச் சனியனும் கூடத்து டெலிபோன் வயரும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இணைப்பு ஒழுங்காகவே கிடைத்தது. வழக்கம்போலக் கீச்சென்று கத்தி, கரகரவென்று இருமி, மெயில் திறந்தது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று முந்தின நாள் சாயங்காலம் எழுதியிருந்தது. வேலை எனக்குத்தான், சேர்கிறேனா என்று வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் மெயிலில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். போன் நம்பர் எதுவும் போடவில்லை. "அம்மா, நல்ல சேதி வருது, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினேன். முழுசாக முடிந்த பிறகு விவரம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அப்போதெல்லாம் இணைப்பில் இருந்துகொண்டே யாரும் பதில் எழுத மாட்டோம். மீட்டர் ஓடும். துண்டித்துவிட்டு, நிதானமாக எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி இணைந்து அனுப்புவோம். நானும் துண்டித்தேன். நாலு வரி இங்கிலீஷ்தான். அதை அடித்தும் திருத்தியும் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. ஒருவழியாக முடித்து இணைப்பைத் தட்டினால், டயல் டோன் இல்லை என்றது.

மறுபடி தட்டினேன். இல்லை. வயரின் முனையில் கிளிப் எப்போதோ உடைந்துவிட்டது. பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகித்தான் நிறுத்தி வைத்திருந்தேன். பிடுங்கி, ஊதி, புது டிக்கெட் செருகினேன். இல்லை. டயல் டோனுக்குக் காத்திருக்காதே என்று அமைப்பில் மாற்றிப் பார்த்தேன். அது எண்களை மட்டும் ஒப்பித்துவிட்டு ஊமையாக உட்கார்ந்துகொண்டது. அணைத்து, ஆன் செய்து, அது திறக்கும்வரை நகத்தைக் கடித்தேன். மோடத்தையே அழித்துவிட்டு மறுபடி போடலாமென்றால் சிடி தட்டு வெளியே வர மறுத்தது. ஊக்கால் நோண்டி எடுத்தேன். எல்லாம் முடிந்து தட்டினால் அதே பதில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை மாதம் ஒன்றுமில்லாமல் கிடந்தவனுக்கு ஒன்று வரும்போது இதுவா நடக்க வேண்டும்?

கடைசியில்தான் புத்தி வந்து கூடத்து போனில் வயரை மாட்டிக் காதில் வைத்தேன். அதிலும் மூச்சுப் பேச்சு இல்லை. அடுத்த வீட்டு அண்ணாச்சியின் போனிலிருந்து புகார் சொன்னேன். நாளைக்கு ஆள் வரும் என்றார்கள். தெருமுனை பிரவுசிங் சென்டர்க்காரர் உடன்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இனி வண்ணார்பேட்டையில் இருக்கும் இன்னொரு சென்டருக்குத்தான் ஓட வேண்டும். மணி பதினொன்று நாற்பது. பஸ் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தே சட்டையை மாட்டினேன். திருநீறு பூசிக்கொண்டு கிளம்பலாமென்று அம்மாவின் அறைக் கதவைத் தள்ளினேன். சாமிப் படங்கள் அங்கேதான் இருந்தன. வெள்ளிக்கிழமை ராகுகாலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பூசையில் இருப்பாள்.

கூடத்து லைனிலிருந்து இழுத்த இன்னொரு போன் அவள் கட்டிலருகே உண்டு. அதன் ரிசீவர் துண்டில் சுற்றி, தலையணைக்கடியில் கிடந்தது.

"என்னம்மா இது?"

"சத்தம் போடாதய்யா. நல்ல சேதி வருதுன்னியே, அது ராகுகாலத்துல வந்துரப்பிடாதுன்னு எடுத்து வச்சிருக்கேன். கொய்ங்குன்னு கத்துச்சு, அதான் துண்டச் சுத்துனேன். பன்னெண்டு அடிச்சதும் வச்சிருவேன்."

"நான் அங்கன உசிரக் குடுத்து அந்த லேப்டாப்போட மல்லுக்கட்டுதேன்மா!"

"அது கம்ப்யூட்டர்லா? அதுக்கும் போனுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கத்தத்தான் வாயெடுத்தேன். ஆனால் முழங்கால் வலியில் கட்டிலைவிட்டு இறங்கவே யோசிப்பவள், அன்றைக்குத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். யாருக்காக என்று கேட்க வேண்டியதில்லை.

"வேலை கிடைச்சிட்டும்மா. பன்னெண்டுக்குள்ள பதில் போகலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"இந்த நேரத்துலயா?" அவள் முகம் செத்துப்போனது. "கொஞ்ச நேரம்தானய்யா, பொறுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

சாமிப் படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவளே துண்டைப் பிரித்து ரிசீவரைத் திரும்பப் போன் மேல் வைத்தாள்.

கூடத்துக்கு ஓடினேன். முதல் தடவை எங்கேஜ்டு. இரண்டாவது தடவை கத்தத் தொடங்கிப் பாதியில் நின்றது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. மெயில் பக்கம் மேலேயிருந்து கீழே பைய வந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, எதையோ முணுமுணுத்தபடி என் பின்னால் நின்றாள். எழுதி வைத்ததை ஒட்டி அனுப்பினேன். அனுப்பியாயிற்று என்று திரையில் வந்தபோது பன்னிரண்டாக ஏழு நிமிடம் இருந்தது. எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

"போயிட்டாய்யா?"

"போயிட்டும்மா."

"மணி என்ன?"

"பன்னெண்டு தாண்டிட்டும்மா. ராகுகாலம் முடிஞ்சிட்டு."

கடிகாரம் என் தலைக்கு நேர் மேலே சுவரில் இருந்தது. அவள் நிமிரவில்லை. பன்னிரண்டு தாண்டியிருந்தால் வேலை ஏது என்றும் கேட்கவில்லை. "அப்ப சரிய்யா" என்று சொல்லிவிட்டு, மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு சோறு வடிக்கப் போனாள்.