வாப்பாவின் ஓடாத கார்

கார் பழுதாகிப் போனதை எங்கள் தெருவில் எல்லாருக்கும் சொன்னவர் வாப்பாதான். இஞ்சின் முடிந்துவிட்டதாம், இனி பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதானாம். பிறகு அதைக் கராஜுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். கதவோரம் பழைய கூரை ஓடுகளையும் பலகைகளையும் அடுக்கினோம். பத்தொன்பது வருஷம் அதை ஒருவரும் பார்க்கவில்லை.

போன டிசம்பர் லீவில் அதை வெளியே எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்ததிலிருந்து வாப்பா வாசல் தாண்டுவதில்லை. அந்தக் காரில் வைத்து அவரை ஹுன்னஸ்கிரிய மலைப் பக்கம் ஒருதரம் கூட்டிப்போக நினைத்தேன். வேறொன்றுமில்லை, வாப்பா மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

வத்தேகமவிலிருந்து ஒரு மெக்கானிக் பாஸ் வந்தார். சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. பெற்றோல் டாங்க் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் எண்ணெய் ஊற்றி, ஒரு கிழமை ஊறவிட்டார். எட்டாம் நாள் கையால் சுற்றியதும் இஞ்சின் அசைந்தது. டாங்கை ஒட்டி, புது பெட்டரி வைத்துப் பார்த்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. எதையோ திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இஞ்சின்ல ஒண்ணுமே இல்லைங்க. நல்ல இஞ்சின். ரோட்டரத்தான் காணோம். அது இல்லாட்டி பிளக்குக்குக் கரண்ட் போகாது. யாரோ வேணும்னே கழட்டி வச்சிருக்காங்க."

வாப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் அலுமாரியைக் காட்டினார். கீழ் லாச்சியை இழுத்தேன். லேஞ்சித் துணியில் சுற்றி, எண்ணெய் பூசி, கட்டைவிரல் அளவில் அந்தச் சாமான் இருந்தது.

"என்ன வாப்பா இது?"

"கலியாணம், கந்தூரி, ஆஸ்பத்திரி... ஊருல எல்லாரும் கார் கேட்டு வந்த. இல்லண்டு செல்ல எனக்கு ஏலாது, மகள். அதான் இஞ்சின் முடிஞ்சண்டு சென்ன."

"உம்மாக்கு வருத்தம் வந்த நேரமும் எடுக்கல்லயே?"

"ஒருக்கா சென்னா சென்னதுதானே. அதுக்குப் பொறகு ரோட்டுல எடுத்தா சனம் என்ன செல்லும்?"

"உம்மாக்குத் தெரியுமா?"

"தெரியா. அவக்கும் முடிஞ்சண்டுதான் சென்ன."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உம்மா கண்மூடும்வரை ஒன்றரை வருஷம் கண்டிப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு அவவைப் பஸ்ஸில் கூட்டிப்போனவள் நான். சிறுநீரகம் கெட்டு, கால் இரண்டும் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வருவா. மடவளை தாண்டுமுன் வாந்தி எடுப்பா, நான் சொப்பிங் பேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். அந்த நேரமெல்லாம் நல்ல இஞ்சின் வீட்டில் இருந்திருக்கிறது! சனம் என்ன சொல்லுமாம். சனத்தின் தலையில் இடி விழ!

இரண்டு நாள் வாப்பாவோடு பேசவில்லை. பிறகு ரோட்டரை பாஸிடம் கொடுத்தேன். கொடுக்காமல் விட்டிருக்கலாம். அவர் அதை மாட்டியதும் கார் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. தூரத்துக்கெல்லாம் போகும் எண்ணம் எனக்குப் போயிருந்தது. தெருப் படலைவரை கொண்டுவந்து, வாப்பாவைத் தூக்கி முன்சீட்டில் வைத்தேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமி வந்தா. வாப்பா கண்ணாடியை இறக்கி, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"மகள் புது இஞ்சின் போட்டுத் தந்தா!"

"பொய்!" என்று கத்திவிட்டேன். "பழைய இஞ்சின்தான் மாமி. அதுக்கு எந்த நாளும் ஒண்டும் நடக்கல்ல."

மாமி திடுக்கிடவில்லை. என் கையைத்தான் பிடித்தா.

"தெரியும் மகள். நீங்களும் உம்மாவும் கிளினிக் போற நாள்ல வாப்பா கராஜ் கதவ மூடிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாப்பார். எங்கட குசினி அடுப்படிக்கே நல்லாக் கேக்கும். நான்தான் உங்கட உம்மாக்கிட்டப் போய்ச் சென்ன. 'அவர் வெக்கப்பட்டுப் போவார், தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வாணாம்' எண்டு உம்மா என்ட கையப் புடிச்சிக் கேட்டா. அதுக்குப் பொறகு நாங்க ஒருத்தரும் வாய் தொறக்கல்ல."

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வாப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மாமியைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"உம்மா எல்லாம் தெரிஞ்சிட்டேயா பஸ்ஸில போன?"

இல்லை, மாமிக்கு ஞாபகம் பிசகிப்போச்சு, வயசாகிவிட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். உம்மா என்றால் அப்படித்தான் செய்திருப்பா.

"ஓம் வாப்பா," என்றேன். "தெரிஞ்சிட்டுத்தான் போன."