அத்தான் மாட்டிய வாட்டர் பம்ப்

என் அத்தான் வைரவனைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான். ஒன்று, அளவு பார்த்து அடுக்கி வைத்தது. இன்னொன்று, இனிமேல் அடுக்கி வைக்க வேண்டியது. தி.நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், தையற்காரர்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறார். பட்டன், கொக்கி, ஜிப், எலாஸ்டிக், லைனிங் துணி. கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவிலிருந்துதான் விலை கேட்க வேண்டும். ஆனால் நீங்கள் சட்டையைக் காட்டி வாயைத் திறப்பதற்குள் அதற்குரிய பட்டன் மேஜைமேல் இருக்கும். பெரியது கீழ்த்தட்டு, சிறியது மேல்தட்டு. முப்பது வருஷமாக இந்தச் சட்டத்தை அவர் மீறியதில்லை.

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலும் இதே ஆட்சிதான். டம்ளர், கரண்டி, செருப்பு எல்லாம் வரிசையில் நிற்கும். "நல்லவேளை கீர்த்தியோட நிறுத்திக்கிட்டோம். இன்னும் ரெண்டு பெத்திருந்தா உசரம் பாத்து அலமாரியில வச்சிருப்பாக" என்பாள் என் அக்கா தங்கபுஷ்பம்.

நான் பாலகணேஷ், அக்காவின் தம்பி. அதே தெருவில் குடியிருக்கிறேன். அத்தான் எதையாவது கழற்றும்போது டார்ச் பிடிப்பது என் வேலை. இந்தப் பதவியை எனக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. ராஜினாமாவையும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

கதை அத்தானின் காரைப் பற்றியது. பழைய வெள்ளைக் கார். மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. ஒரே மகள் கீர்த்தியைப் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் கடைசியில் கல்யாண மண்டபத்துக்கும் கொண்டுபோனது. கீர்த்தி இப்போது அடையாறில் மாமனார் வீட்டில் இருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. வளையல் போட்டு முடித்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

சம்பந்தி ஆனந்தகுமார் நகைக்கடைக்காரர். கப்பல் மாதிரி ஒரு கார் வைத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "உங்க வண்டி எதுக்கு சம்பந்தி, பாவம் அதுக்கும் வயசாச்சு. நம்ம வண்டியிலேயே கீர்த்தியைக் கொண்டு வந்து விட்டுடறேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அத்தான் வீட்டுக்கு வந்து தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"பெத்த பிள்ளையக் கூட்டியாரதுக்கு அடுத்தவன் வண்டியா? அப்போ நான் எதுக்கு அப்பன்னு இருக்கேன்? கேட்டியா மாப்ள, எம்புள்ள என் வண்டியிலதான் வரும்."

அவர் சபதம் போட்டதைக் கார் கேட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. வியாழக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கத்திலிருந்து பூனை சண்டை போடுவது போல ஒரு சத்தம். வண்டிக்கு அடியில் குளம். மெக்கானிக் அக்பர் பாஷா குனிந்து பார்த்தார்.

"வாட்டர் பம்ப்பு பூட்ச்சு நைனா. பேரிங்கு கத்திக்கினு கீது பாரு. இன்ஜினுக்குத் தண்ணி சுத்தலைன்னா வெந்துபூடும்."

"இப்பவே மாத்திருங்க பாய்."

"எங்க மாத்தறது? மச்சினன் கல்யாணம், வாணியம்பாடி போறேன். திங்கக்கிழமை வந்து செய்றேன். அதுவரிக்கும் நீ கை வெக்காதே, இன்னா?"

கை வைக்காதே என்று அத்தானிடம் சொன்னால் அது அழைப்பிதழ். அன்றைக்கே புதுப்பேட்டைக்குப் போய்ப் புதுப் பம்ப் வாங்கி வந்துவிட்டார். செல்போனில் ஒரு வீடியோவும் கண்டுபிடித்துவிட்டார். அதே மாடல் கார், மீசை வைத்த ஒருவர் பம்ப்பைக் கழற்றி மாட்டுகிறார், முழுக்க இந்தியில். எங்கள் இருவருக்கும் இந்தியில் ஒரு எழுத்து தெரியாது.

"அவர் என்ன சொல்றார்னு புரியலையே அத்தான்" என்றேன்.

"கையத்தான பாக்கணும், வாயை எதுக்குப் பாக்க?" என்று சத்தத்தை அணைத்துவிட்டார்.

சனிக்கிழமை கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு, அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தில் அத்தான் அறுவைச் சிகிச்சையை ஆரம்பித்தார். ரேடியேட்டர் தண்ணீரை வடித்தார். பெல்ட்டைக் கழற்றினார். மாடி வீட்டு சுவாமிநாதன் மாமா காய்கறிப் பையோடு நின்று, "வைரவன், இதெல்லாம் தெரிஞ்சவா செய்யற காரியமில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் படியேறினார். எனக்குக் கழுத்து வலித்தது. டார்ச்சை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினால், "மாப்ள, வெளிச்சம் ஆடுது" என்று அதட்டல் வரும். ஆடாமல் என்ன செய்யும், நான் என்ன விளக்குக் கம்பமா?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பம்ப்பை அத்தான் அழகாகத்தான் கழற்றினார். ஒரு கீறல் இல்லை. கழற்றிய போல்ட்டுகளை என்ன செய்தார் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

வேறு யாராக இருந்தாலும் எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே தரையில் வைத்திருப்பார்கள். அத்தான் எல்லா போல்ட்டையும் மண்ணெண்ணெயில் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, பளபளவென்று துடைத்தார். பிறகு புடவைப் பெட்டி மூடி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் நீளம் பார்த்து அடுக்கினார். பெரியது ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். தள்ளி நின்று பார்த்து, "இப்பப் பாரு, எப்படி இருக்கு" என்றார். கடை ஷோகேஸ் மாதிரிதான் இருந்தது. வாங்கிக்கொண்டு போகலாம் போலிருந்தது.

புதுப் பம்ப்பைப் பொருத்தியதும் கையில் போல்ட்டை வைத்துக்கொண்டு அத்தான் கொஞ்சம் நின்றார்.

"எது எங்கே இருந்தது அத்தான்?"

"இதுல என்ன இருக்கு? பெருசு கீழ, சிறுசு மேல" என்றார். கடைச் சட்டம் காருக்குள் புகுந்துவிட்டது. இறுக்கும்போது கீழே ஒன்று பாதியிலேயே நின்றது. "நல்லாப் புடிச்சிருச்சு" என்று அவரே சான்றிதழ் கொடுத்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தார். பூனைச் சத்தம் இல்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. தெருவைச் சுற்றி ஒரு நடை போய் வந்தோம், அப்போதும் இல்லை. அத்தான் சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப் படியில் பாட்டுப் பாடிக்கொண்டே போனார். அவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசியாகவும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறுக்குச் சமர்த்தாகப் போனது கார். வளைகாப்பும் நன்றாக நடந்தது. கை நிறைய வளையலும் கன்னம் நிறையச் சந்தனமுமாகக் கீர்த்தி உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்கடியில் மட்டும் கருப்பு. "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லைங்க, புரண்டுக்கிட்டே இருக்கா" என்று அவள் மாமியார் அக்காவிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. சாப்பாடு முடிந்ததும் அக்கா பாத்திரங்களோடு ஆட்டோவில் முன்னால் கிளம்பினாள். "நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன பிள்ளை வாசப்படி மிதிச்சிரணும். ஆரத்தியோட நிப்பேன்" என்று அத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வாசலில் ஆனந்தகுமார் எங்கள் காரை ஒருமுறை பார்த்தார். அத்தான் பானெட்டைத் துண்டால் துடைத்தபடியே, "புதுப் பம்ப்பு சம்பந்தி. நானே மாட்டினேன்" என்றார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நகைக்கடையில் எடை போட்டிருக்கலாம்.

கோட்டூர்புரம் பாலம் ஏறும்போது வெப்பம் காட்டும் முள் மெல்ல எழுந்தது. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அத்தான் பார்த்தார். உடனே சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து மீட்டருக்கு முன்னால் வைத்துவிட்டார்.

"அத்தான், முள்ளு..."

"சாமி பாத்துக்கிடும்."

நான் பொட்டலத்தை நகர்த்தினேன். முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாமி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியே வரும் என்று யாரோ சொன்ன ஞாபகத்தில் அத்தான் அதைத் திருகினார். மே மாத வெயிலில், மூன்று மணிக்கு, சென்னையில் ஹீட்டர்.

"அப்பா, ஏசியில அனல் அடிக்குதே?" என்றாள் பின்னாலிருந்து கீர்த்தி.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் பாப்பா. போகப் போகக் குளுந்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அத்தான் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். கீர்த்தி வளையல்களை முழங்கை வரை தள்ளிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தனம் வழிந்து தாடைக்கு வந்திருந்தது. அத்தான் ஹீட்டரை அணைத்தார். நந்தனத்தில் மைதானச் சுவரோரம் மரநிழல் பார்த்து வண்டியை நிறுத்தினார். பானெட்டைத் திறந்தால் இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல ஆவி. பம்ப்பின் ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது.

கீர்த்தி இறங்கி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். அப்பாவின் போனை வாங்கி அந்த வீடியோவைச் சத்தத்தோடு வைத்துப் பார்த்தாள். புனேயில் வேலை பார்த்தவள், இந்தி தெரியும். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"அப்பா! எந்த போல்ட் எந்த ஓட்டையில இருந்துச்சோ அதுலயேதான் போடணும், நீளம் மாறினா ஒழுகும்னு தலைபாடா அடிச்சுக்கிறாரு."

அத்தான் போனையே முறைத்தார். "அதைத் தமிழ்ல சொன்னா என்னவாம் அவனுக்கு?"

நான் யோசனை சொன்னேன். வண்டி ஆறட்டும், தண்ணீர் ஊற்றி, நின்று நின்று உருட்டிக்கொண்டு போனால் ராகுகாலத்துக்குள் மாம்பலம் சேர்ந்துவிடலாம், சம்பந்திக்குத் தெரியவே வேண்டாம் என்றேன். கீர்த்தி செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தாள். வீங்கிய பாதங்கள். அத்தான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி நம்பர் போடு மாப்ள."

"நான் பேசட்டுமா அத்தான்?"

"வேண்டாம். நானே பேசுதேன்." போனை வாங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "சம்பந்தி, வைரவன். என் வண்டி நின்னு போச்சு. போல்ட்ட மாத்தி மாட்டிட்டேன், என் தப்புதான். பிள்ள வெயில்ல உக்காந்திருக்கு. உங்க வண்டி வேணும்."

கல்யாணம் பேசியபோதுகூட அத்தான் ஒரு சேப்டி பின் அளவுக்கு இறங்கி வந்ததில்லை. சொல்லிக்கொள்ள என்ன வெட்கம், எனக்குக் கண் கலங்கியது.

ஆனந்தகுமார் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். விருந்து வேட்டியைக்கூட மாற்றவில்லை. என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் அவர் வாயையே பார்த்தேன். அவர் பின்கதவைத் திறந்து, "ஏறும்மா" என்று மட்டும் சொன்னார். எங்கள் காரைப் பூட்டி அங்கேயே விட்டோம். நான் முன்னால் உட்கார்ந்தேன். அத்தான் பின்னால் மகளோடு, சீட் அழுக்காகிவிடுமோ என்பது போல நுனியில் உட்கார்ந்தார்.

தி.நகர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். கீர்த்தி அத்தான் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். லேசாகக் குறட்டைகூட. அத்தான் மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகமாக இருந்தது.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது நாலரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. வாசலில் அக்கா ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடியிருக்கிறார்கள். ஆனந்தகுமார் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாதீங்க சம்பந்தி" என்றது பின்னாலிருந்து ஒரு ரகசியக் குரல்.

"ஏன் சம்பந்தி, வீடு வந்தாச்சே?"

"பிள்ள இப்பத்தான் தூங்குது. ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

"ராகுகாலம் வந்துடுமே? அப்புறம் ஆறு மணிக்கு மேலதான் இறக்கணும்."

கடையில் ராகுகாலத்தில் புதுப் பட்டன் பெட்டியைக்கூடப் பிரிக்காத மனுஷர் சொன்னார்: "வந்தா வந்துட்டுப் போவுது. தெனமும் வாறதுதான? நீங்க போங்க."

கார் அக்காவைத் தாண்டிப் போயிற்று. ஆரத்தித் தட்டும் கையுமாக அவள் வாய் பிளந்து நின்றதை நான் கண்ணாடியில் பார்த்தேன். உடனே என் போன் அடித்தது. அத்தான் கண்ணால் அதட்டினார். நான் அணைத்துவிட்டேன்.

ஆனந்தகுமார் ஏசியைக் கொஞ்சம் குறைத்தார். ஒரு பள்ளத்தைச் சுற்றிப் பதமாகத் திருப்பினார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டீசல் நிறைய இருக்கு சம்பந்தி. தூங்கட்டும்."