புதன்கிழமைத் தண்ணீர்

எங்கள் எரிபொருள் கிடங்கின் தீயணைப்புக் குழாயை ஆண்டுதோறும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சோதிப்பார்கள். அன்று பக்கத்துத் தொழிற்சாலைகள் மூடியிருக்கும். தெருக்குழாயின் தண்ணீர் முழுக்க எங்களுக்கே வரும். பீய்ச்சினால் எண்ணெய்த் தொட்டியின் தலைக்கு மேலே போகும். எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். தீப்பிடித்தால் தொட்டியைக் குளிரவைக்க அந்தத் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை.

பாதுகாப்புப் பொறியாளராக நான் சேர்ந்த ஆண்டும் மேலாளர் அதே நாளைச் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை நான் லிட்டில் இந்தியாவுல தோசை சாப்பிடுவேன் சார். புதன்கிழமை மத்தியானம் வச்சுக்கலாம்.”

“வேலை நாள்ல பிரஷர் இருக்காது லா. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். அதனாலதான் கேக்குறேன்.”

அவர் முகம் சுருங்கியது. நான் விடவில்லை. தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்திருந்த ஒரு புதன்கிழமை, அவர்களை வெயிலில் நிறுத்தி வால்வைத் திறந்தேன். தண்ணீர் தொட்டியின் பாதி உயரத்தைக்கூட எட்டாமல் வளைந்து தரையில் கொட்டியது.

“போதும், மூடுங்க,” என்றார் மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு.

மூடவில்லை. வந்தவர்களில் பெரியவர் கழுத்தை நிமிர்த்தி, நனையாத தொட்டியை உச்சிவரை பார்த்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

இப்போது தெருவிலிருந்து பெரிய குழாய் வருகிறது. சோதனை புதன்கிழமைதான். மேலாளர் இன்னமும் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேச வேண்டாம். தண்ணீர் மேலே ஏறினால் போதும்.