போட்டிக் கடைக்காரர் காலி செய்து கொடுத்த பெட்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்துப் பகல். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலை டவுனில் நானும் என் கணவரும் ஸ்டூடியோ நடத்துகிறோம். அவர் படம் எடுப்பார். நான் அதைக் கம்பியூட்டரில் சரிசெய்து ஆல்பமாக்குவேன். படங்களெல்லாம் நான்கு டிஸ்க் போட்ட ஒரு ஸ்டோரேஜ் சர்வரில் இருக்கும். சோற்றுப்பானை அளவுப் பெட்டிதான். எங்கள் பிழைப்பே அதற்குள் இருந்தது.

அந்த வாரம் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் எடுத்த கல்யாணமும் அதில்தான். கேமரா கார்டுகளை அடுத்த வேலைக்காக அழித்தாகிவிட்டது.

பெட்டியின் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு தினமும் நச்சரித்தது. முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம். பட்டனைத் தட்டிவிட்டு, பக்கத்துத் துணிக்கடை நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனேன்.

அதற்குள் இடி. எங்கள் ஊரில் இடி இடித்தால் யார் வீட்டு பிளக் என்று பார்க்கமாட்டார்கள், கழற்றிவிடுவார்கள். நானாவும் கழற்றினார். கரண்ட் போனாலும் பெட்டியை ஓடவைக்கும் யூ.பி.எஸ் கீ கீ என்று கத்தியதும் பயந்துபோய் அதையும் அணைத்துவிட்டார்.

"கரண்ட் அடிச்சா சாமானெல்லாம் பத்திருமே, அதுதான் தங்கச்சி எல்லாத்தையும் கழட்டிட்டேன்" என்றார் பெருமையாக.

புதுப்பித்தல் பாதியில் அறுந்துபோன பெட்டி அதன்பிறகு உயிர் பெறவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நல்லது செய்யவந்த மனுஷனை என்னவென்று திட்டுவது? உட்கார்ந்து அழுதேன். அந்தக் கல்யாணத்தை இன்னொரு முறை நடத்துங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

கணவர் கண்டியில் பெட்டி விற்றவருக்குப் போன் போட்டார். டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதே மாதிரிப் பெட்டியில் வரிசை மாறாமல் போட்டால் படங்கள் வரலாம் என்று அவர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். அந்த மாடல் இப்போது வருவதில்லையாம். ஹட்டனில் ஒருவரிடம் இருக்கிறதாம். யாரென்று பார்த்தால், எங்களைவிட மலிவாக ஆல்பம் போட்டு எங்கள் ஆர்டர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறவர்! நான் அவரைக் கரித்துக்கொட்டாத நாளே இல்லை.

நானா தன் வேனிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கல்யாணப் படமுங்களா?" ஆமாம் என்றேன். தன் பெட்டியை முறைப்படி நிறுத்தி, தன் டிஸ்க்குகளுக்கு எண் எழுதி வெளியே எடுத்து வைத்துவிட்டு, எங்களுடையதைப் போட்டார். உள்ளே இருப்பதை அப்படியே வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதா என்று திரை கேட்டது. பதற்றத்தில் என் கை அழிக்கிற பக்கம் போய்விட்டது.

"கொஞ்சம் பொறுங்க அக்கா" என்று அந்த மனிதர் மவுஸைப் பிடித்துக்கொண்டார். கண்டிக்காரரைப் போனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு அழுத்தினார்.

மாலையோடு மணப்பெண் திரையில் வந்ததும் நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தார். எனக்கு மறுபடியும் அழுகை. பிரதி எடுத்து முடியும்வரை தன் வேலையை நிறுத்திவைத்து, எங்களுக்குத் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தார் அந்த மனிதர்.

"நாளைக்கு என்னோட பெட்டி போச்சுன்னா நானும் உங்ககிட்டதானே ஓடி வரணும்" என்று சிரித்தார்.

ஆர்டர் பிடிப்பதில் இன்றைக்கும் அவரோடு போட்டிதான். ஆனால் மாதாமாதம் எங்கள் படங்களின் பிரதி ஒன்று ஹட்டனில் அவர் அலமாரிக்கும், அவருடையது எங்கள் வீட்டு அலமாரிக்கும் போய்ச் சேருகிறது. அவரிடம் நாங்கள் பறிகொடுத்த கல்யாணங்களுக்கும் இப்போது நான்தான் காவல் என்று நினைத்தால் சிரிப்பு வரும். கூடவே, அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும் என்று மனம் தானாகவே வேண்டிக்கொள்ளும்.