விளைமீனின் செவிள் மூடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மாமாவுக்கு அந்த வேலை கிடைத்தது என்னால்தான். யாராவது மறுத்தால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் புதிதாகத் தொடங்கியிருந்த காலம். மாணவர்கள் படிப்பதற்கு எலும்புக்கூடுகளைக் கோத்து வைக்க ஓர் உதவியாளர் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அம்மாவின் தம்பியான மாமா அப்போது கிழக்குக் கரையில், ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அரசாங்க வேலைக்கான வயதெல்லையைத் தாண்ட அவருக்கு இரண்டே மாதம் இருந்தது. இதை விட்டால் இனி ஒன்றும் இல்லை.

"செத்தவையின்ரை எலும்போட மாரடிக்கிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மாமா சிரித்தார். நேர்முகப் பரீட்சைக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவருக்குப் பட்டிருந்தது. சல்லிக் கடற்கரையில் பெரிய பாரை மீன் ஒன்று வாங்கிவந்து அவித்தார். சதையை எங்களுக்குத் தின்னத் தந்துவிட்டு, எலும்பு முழுவதையும் கழுவிக் காயவைத்து, கம்பியாலும் பசையாலும் கோத்தார். எட்டு நாள் வேலை. அதற்குச் சின்னப்பிள்ளையான நான்தான் காவல்.

கடைசி நாள் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். பூனை ஒரு செவிள் மூடியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. ஐயோ! ஆனால் நான் லேசுப்பட்டவளா? குசினிக்குப் பின்னால் ஓடி, அன்று கறிவைத்த விளைமீனின் தலையிலிருந்து அதே அளவில் ஒன்றைப் பிடுங்கி, தேய்த்துக் கழுவி ஒட்டிவிட்டேன். அச்சொட்டாகப் பொருந்தியது. கடைக்குப் போய்வந்த மாமா மீனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழைய வேட்டியில் பொதிந்து வைத்தார். விடிய பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் பின்னேரம் வேலையோடு திரும்பி வந்தார். நடந்ததை அம்மாவுக்குச் சொல்லும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இதிலை ஏதும் பிழை இருக்கோ எண்டு பேராசிரியர் கேட்டார் அக்கா. ஓம் ஐயா, இந்தச் செவிள் மூடி பாரையின்ரை இல்லை, விளைமீனின்ரை எண்டு சொன்னனான். மனுசன் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்தார். இந்தக் கண்தான் இஞ்சை வேணும் எண்டார்."

"நீ முதலே கண்டனியே?"

"பஸ் ஏற முதல்நாளே கண்டனான்."

"பிறகேன் கழட்டேல்லை?"

மாமா சோற்றைப் பிசைந்தார். நான் வெளியே பாய்ந்து, "என்ரை முள்ளாலைதான் வேலை!" என்று கத்தினேன். எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வந்தேன்.

பிழையென்று தெரிந்தே அந்த மீனை மடியில் வைத்து யாழ்ப்பாணம் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார், இரண்டே மாதம் மிஞ்சியிருந்த மனிதர். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது நான் பக்கத்திலேயே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கழற்றியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவ்வளவுதான் காரணம் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.