களி தின்ற நாளில் போடாத மாத்திரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைதான் படிப்பு. ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கால் எப்படிப் போனது என்று கேட்கிறார்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

பென்னாகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். ராகியும் கடலையும் போடுவோம். இரண்டு கறவை மாடு இருந்தது. அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது, ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த மாத்திரையோடு இன்னொன்றை வெளியே வாங்கச் சொன்னார்கள். சோற்றைக் குறைத்துக் களி சாப்பிடுங்கள், நல்லது என்றும் டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு சொல்லை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வாங்கும் மாத்திரை அட்டை விலை அதிகம். அதை வாங்கினால் மாட்டுக்குத் தவிடு வாங்க முடியாது. தவிடு இல்லாவிட்டால் பால் குறையும். பால் காசில்தான் அடுத்த அட்டை. இதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"களி நல்லதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. களி தின்ற அன்னைக்கு எதுக்கு மாத்திர? சோறு தின்னா போட்டுக்கலாம்."

ரேஷன் அரிசி வீட்டில் இருந்தும் சோற்றைத் தொடுவதையே விட்டுவிட்டார். மூன்று வேளையும் களி, இல்லாவிட்டால் கூழ். பக்கத்து வீட்டுக் கொழுந்தனார் கேலி செய்வார்.

"அண்ணா, கல்யாணத்துக்குப் போனா மொய்க் கவரோட மாத்திர அட்டையும் எடுத்துட்டுப் போவணுமாட்ட இருக்குதே!"

"நீ வேணா ரெண்டு மாத்திர மொய் எழுதுடா" என்பார் இவர். எல்லோரும் சிரிப்போம்.

கடலை பிடுங்கும் சமயம் அது. அவர் செருப்புக்குள் ஒரு கல் கிடந்திருக்கிறது. நாள் முழுக்க அதன்மேலேயே நடந்திருக்கிறார். சாயங்காலம் கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியதை நான்தான் பார்த்தேன்.

"ஏங்க, வலிக்கலீங்களா?"

"எங்க வலிக்குது? மரக்கட்டையாட்டம் கெடக்குது."

மஞ்சள் வைத்துக் கட்டினோம். புண் கறுத்து நாற்றம் வந்த பிறகுதான் தருமபுரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே பார்த்த டாக்டர் திட்டவில்லை. "களியிலயும் சர்க்கரை ஏறுங்க ஐயா. மாத்திரைய நிறுத்தவே கூடாதுங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். அது ஆறவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் கூட இருப்பவர்களுக்குச் சாப்பாடு, மகள் வந்துபோகும் பஸ், வீட்டுக்கு வந்த பிறகு கட்டு மாற்றப் போகும் ஆட்டோ என்று எல்லாம் கரைந்தது. மாடு இரண்டையும் விற்றோம். டீக்கடைக்குப் போனால் ஊர்ச் சேதி அத்தனையும் கொண்டுவரும் மனுஷன், இப்போது யார் வந்தாலும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறார்.

போன வாரம் மகள் வந்தாள். செயற்கைக் கால் இலவசமாகவே தருகிறார்களாம், அளவெடுக்க நாலைந்து தடவை போய்வர வேண்டுமாம்.

"வேணாம்மா. ஆட்டோவுக்குக் குடுக்கற காசுல உங்கம்மாளுக்குக் கண்ணு ஆபரேசன் பாரு. அவளுக்கு அடுப்பே சரியாத் தெரியல."

"அம்மாளுக்கும் பாக்கலாம்பா. மொதல்ல நீ நட."

"நடந்து எங்க போவப்போறேன்? ஓட்டி மேய்க்க என்ன இருக்குது?"

மகள் வெளியே போய் அழுதாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். போர்வையை அந்தக் காலின்மேல் இழுத்துவிட்டேன். அவர் என் கையை விலக்கவில்லை.

முதலில் எடுத்தது கட்டை விரலா, பக்கத்து விரலா, மாடு விற்றது தையிலா, மாசியிலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மகளுக்குத் தெரியும். யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் கேட்க வேண்டாம்.